பாறைக் கரையோரப் படகுப் பயணம்: திரும்பும் வழியிலிருந்து திட்டமிடுங்கள்

பாறைக் கரையைப் படகில் சுற்றிப் பார்க்கத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் காட்சிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். குகை, கலங்கரை விளக்கம், பறவைகள் கூடும் பாறை, மீன்பிடித் துறைமுகம் என்று வரிசைப்படுத்திவிட்டு, பிறகு படகையும் நேரத்தையும் அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒதுங்குவதற்கு எங்கெங்கே இடம் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அந்தக் கரையில் பிழைப்பு நடத்துகிறவர்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பது இரண்டாவது. காட்சிகள் அதற்குப் பிறகுதான். மணல் கரையோரம் இன்ஜின் நின்றால் படகு கடைசியில் மணலில் போய்த் தட்டும். பாறைக் கரையில் அது உடையும்.

வரைபடத்தில் முதல் வேலை

1:50,000 அல்லது அதைவிட விவரமான கடல் வரைபடத்தை எடுத்து, போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு துறைமுகத்தையும் குடாவையும் குறியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்தத் திசைக் காற்றுக்கு மறைவு தரும், தாழ் ஓதத்தில் (கடல் மட்டம் மிகவும் இறங்கிய நேரத்தில்) நுழைவாயிலில் எவ்வளவு ஆழம், கடல் புரளும்போது உள்ளே நுழைய முடியுமா. மூன்றாவது விவரத்தை வரைபடம் சொல்லாது. உள்ளூர் மீனவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆற்று முகத்துவாரத்தை ஒதுங்குமிடமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். வாயில் மணல்திட்டு இருக்கும். ஓதம் வற்றும்போது வெளியே பாயும் ஆற்று நீர் உள்ளே வரும் அலையோடு மோதி, அலையைக் குறுக்கி நிமிர்த்தி, அங்கேயே உடைத்துவிடும். காலையில் சாதுவாக இருந்த வாய், ஓதம் ஏறிய கடைசி மணி நேரத்தில் எளிதாகக் கடக்கக்கூடிய வாய், பிற்பகல் வற்றத்தில் அடைபட்டுக் கிடக்கலாம். கடலுக்குள்ளிருந்து பார்க்கிறவருக்கு உடையும் அலையின் முதுகுதான் தெரியும். முன்பக்கம் எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்று தெரியாது. கெடுதல் அதில்தான் இருக்கிறது.

இரண்டு ஒதுங்குமிடங்களுக்கு நடுவே, மோசமான கடலில் உங்கள் படகு போகக்கூடிய வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமானால், அந்தப் பகுதியின் தொடக்கத்தில் ஒரு முடிவுப் புள்ளி வையுங்கள். அங்கே படகை நிறுத்தி, காற்று, அலை, மணி, எரிபொருள் நான்கையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.

மின்னணு வரைபடத்தை நம்புகிறவர்கள் பாதை முழுவதையும் நன்றாகப் பெரிதாக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை நகர்த்திப் பார்த்தாக வேண்டும். சுருக்கிய நிலையில் பாறைகளும் பார்களும் (நீருக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டுகள்) திரையிலிருந்து மறைந்துவிடும். 2014 நவம்பரில் வோல்வோ ஓஷன் ரேஸ் உலகச் சுற்றுப் போட்டியில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, இந்தியப் பெருங்கடலின் கார்கடோஸ் கராஜோஸ் பாரில் இரவில் ஏறியதற்கு முக்கியக் காரணம் இதுதான். தேர்ந்த மாலுமிகளுக்கே இது நடந்தது.

அலையின் உயரம் பாதிக் கதைதான்

முன்னறிவிப்பில் '1 மீட்டர் அலை' என்று இருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று பொருளில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அந்த எண். தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை எழும். அதற்காகவும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

அதைவிட முக்கியம், அடுத்தடுத்த அலைகளுக்கு இடையிலான விநாடிகள். ஆழ்கடலில் அலையின் நீளம், அந்த விநாடிகளின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 8 விநாடி அலை 100 மீட்டர் நீளம். 15 விநாடி அலை 350 மீட்டர். தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் அலை அடித்தரையை உணரத் தொடங்கும். ஆகவே 8 விநாடி அலை 50 மீட்டர் ஆழத்திலும், 15 விநாடி அலை 175 மீட்டர் ஆழத்திலுமே மாறத் தொடங்குகின்றன. நெடிய அலை திறந்த கடலில் மெதுவாகத் தூக்கி இறக்கும். பயணிகளுக்கு அது வருவதே தெரியாது. கரையோரப் பார் மீது அதே அலை உயர்ந்து, ஆழம் அதன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் கவிழ்ந்து உடையும். எங்கோ தொலைவில் அடித்த புயல் அனுப்பிய அலை இது என்பதால், இங்கே காற்றே இல்லாத வெயில் நாளிலும் வரும்.

இடைவெளி 12 விநாடிக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால், உயரம் 1 மீட்டர்தான் என்றாலும் குகை வாய், பாறை இடுக்கு, ஆழமில்லாத பார் எல்லாவற்றையும் அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இடைவெளி குறைவான நாளிலும் ஒரு பாறைக்கு அருகில் போகும் முன் வெளியே 15 நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவில் பல நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த அடக்கத்தைப் பார்த்து உள்ளே போகிறவர்கள்தான் அடுத்த கூட்டத்தில் மாட்டுகிறார்கள்.

கனடாவின் டோஃபினோ அருகே 2015 அக்டோபர் 25 அன்று, 27 பேருடன் போன லெவியாத்தன் 2 என்ற திமிங்கிலம் காட்டும் படகு, ப்ளோவர் பார் அருகே எழுந்து உடைந்த ஓர் அலையில் கவிழ்ந்து 6 பேர் இறந்தார்கள். வானொலியில் உதவி கேட்கக்கூட நேரம் இருக்கவில்லை. நீரில் விழுந்தவர்கள் ஏவிய வெளிச்ச ராக்கெட்டைப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த உள்ளூர் மீன்படகுக்காரர்கள் பார்த்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். இப்படிப்பட்ட கரையில் உங்களுக்கு முதலில் கை கொடுப்பவர்கள் யார் என்பதைத் திட்டமிடும்போதே மனதில் வையுங்கள்.

செங்குத்துப் பாறைச் சுவரில் மோதிய அலை அப்படியே திரும்பி வந்து, வரும் அலையோடு கலக்கும். சுவரிலிருந்து சில நூறு மீட்டர் வரை கடல் ஒழுங்கில்லாமல் கூம்பு கூம்பாகக் குதிக்கும். வாந்தி எடுக்கும் பயணிகளில் பெரும்பாலோர் அந்தப் பட்டையில்தான் எடுப்பார்கள். சற்று வெளியே நகர்ந்தாலே பயணம் சுகமாகிவிடும்.

ஓதம், நீரோட்டம், முனை

பல கரைகளில் உயர் ஓதங்களுக்கு நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். சில இடங்களில் நாளுக்கு ஒரே ஓதம். உள்ளூர் அட்டவணையைப் பாருங்கள். நீர்மட்டம் சீராக இறங்குவதில்லை. ஏற்ற இறக்க வித்தியாசத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, 1 என்று இறங்கும். வித்தியாசம் 4.8 மீட்டர் என்றால் முதல் மணியில் 40 செ.மீ.; மூன்றாம் நான்காம் மணிகளில் 1.2 மீட்டர் வீதம். பயணிகளை இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வரலாம் என்று நினைத்த படித்துறையில், அதற்குள் பாசி படிந்த படிகளும் பாறையும் வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் இந்த வித்தியாசமும் நீரோட்டமும் உச்சத்தில் இருக்கும்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்தான் இப்படிப்பட்ட கரையின் கடினமான இடங்கள். நீரோட்டம் அங்கே நெருக்குண்டு வேகமெடுக்கும், காற்றும் அப்படியே. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக ஓடினால், பக்கத்துக் குடாவில் அரை மீட்டராக இருக்கும் அலை முனையில் இரண்டு மடங்காகி நெட்டுக்குத்தாக நிற்கும். முனையைக் கடக்கும் நேரத்தை நீரோட்டம் அடங்கும் நேரத்தில் வையுங்கள். மற்ற நிறுத்தங்கள் அந்த நேரத்துக்கு ஏற்ப முன்பின் நகரட்டும். நீரோட்டம் அடங்கும் நேரமும் துறைமுகத்தில் ஓதம் முழுதாக ஏறிய நேரமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில கரைகளில் இரண்டுக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் உண்டு.

கரையிலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டுவது

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இன்ஜின் நின்ற படகு காற்றில் 1.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.85 கி.மீ.) வேகத்தில் கரையை நோக்கி அடித்துச் செல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 46 மீட்டர். 200 மீட்டர் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தால் பாறைக்கு நாலரை நிமிடம்கூட இல்லை. எரிபொருள் வடிகட்டியைப் பார்த்து, எரிபொருள் தாங்கியை மாற்றி, ஒருமுறை முயன்று, முடியாமல் நங்கூரம் போட்டு அது பிடிப்பதற்கு 15 நிமிடமாவது வேண்டும். அப்படியானால் தூரம் 700 மீட்டர். காற்று கரையை நோக்கி அடிக்கும் நாளில் இதுவே உங்கள் கோடு. காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் நெருங்கலாம். ஆனால் உயரமான சுவரின் அடியில் காற்று திடீர் திடீரென மேலிருந்து விழும். கூரைத் துணி கட்டிய படகு அதில் தள்ளாடும்.

நங்கூரம் அணியத்தில் (படகின் முன்முனையில்), கயிறு சுருட்டி, முனை படகோடு முடிந்து, உடனே போடத் தயாராக இருக்க வேண்டும். சாமான் பெட்டிக்கு அடியில் கிடக்கும் நங்கூரம் உதவாது. ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறும் நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலியும் குறைந்தபட்சத் தேவை. காற்று கூடினால் ஏழு மடங்கு. பாறைத் தரையில் நங்கூரம் இடுக்கில் சிக்கிக்கொள்ளும் என்பதால், அதன் தலைப்பக்கத்தில் ஒரு மெல்லிய கயிறு கட்டி மிதவையோடு விடுங்கள். வராவிட்டால் அந்தக் கயிற்றை இழுத்துத் தலைகீழாக விடுவிக்கலாம்.

வேலை நடக்கும் கடல்

உங்களுக்கு அழகாகத் தெரியும் அந்தக் கடற்பரப்பு ஒருவரின் வயல். எங்கே வலை கிடக்கிறது, எத்தனை மணிக்குப் படகுகள் திரும்பும், எந்தத் துறையில் எப்போது ஏலம் நடக்கிறது என்று முந்தைய நாளே துறையில் விசாரியுங்கள். "போகலாமா?" என்று கேட்டால் "போகலாம்" என்றுதான் பதில் வரும். "எந்தப் பாறை எவ்வளவு அலையில் உடையும்? இந்த வாரம் கூண்டுகள் எந்தப் பக்கம்? திடீரென்று காற்று மாறினால் நீங்கள் எங்கே ஒதுங்குவீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையான தகவல் அப்போதுதான் கிடைக்கும். முடிந்தால் அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவரைச் சம்பளம் கொடுத்துப் படகில் அழைத்துப் போங்கள். எங்கள் கணிப்பில் வேறெந்தச் செலவும் இதற்கு ஈடாகாது.

நண்டு, இறால் கூண்டுகளின் மிதவைகள் கரையோரம் அதிகம். மிதவையைப் பார்த்ததும் அது எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, அதைச் சுற்றி நீர் எந்தப் பக்கம் சுழித்து ஓடுகிறது என்று கவனியுங்கள். கூண்டு நீரோட்டம் வரும் திசையில் அடியில் இருக்கும். கயிறு அங்கிருந்து சாய்வாக மேலே வரும். ஆகவே நீரோட்டம் போகும் பக்கமாகக் கடந்தால் கயிறு குறுக்கே வராது. ஆனால் பல மிதவைகளுக்குப் பின்னால், எடுத்துப் பிடிப்பதற்காக, ஒரு துண்டுக் கயிறும் இன்னொரு சின்ன மிதவையும் இழுபட்டுக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒருபோதும் போகக்கூடாது. நீரோட்டம் அடங்கிய நேரத்தில் தளர்ந்த கயிறு எந்தப் பக்கமும் மிதக்கும். அப்போது இரு பக்கமும் தாராளமாக இடம் விட வேண்டியதுதான்.

செவுள் வலைக்கு இரு முனையிலும் கொடிக்கம்பு இருக்கும். ஒரு கொடியைப் பார்த்தால் அடுத்ததைத் தேடிக் கண்டுபிடித்துச் சுற்றிப் போங்கள். மீன்படகிலிருந்து யாராவது கையசைத்தால் வணக்கம் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகத்தைக் குறைத்து, அவர் எந்தப் பக்கம் காட்டுகிறார் என்று பாருங்கள். இழுவலைப் படகின் பின்னால் அரைக் கடல்மைலாவது விட்டுக் கடந்து போங்கள். இரண்டு படகுகள் ஒரே வேகத்தில் இணையாகப் போனால் நடுவே வலை இருக்கிறது என்றே கொள்ளுங்கள். பகலில் முனைகள் ஒட்டிய இரண்டு கறுப்புக் கூம்புகள் மீன்பிடிப்பின் சின்னம். விடியலுக்கு முன் புறப்பட்டால் விளக்குகளைப் படிக்கத் தெரிய வேண்டும்: பச்சைக்குக் கீழே வெள்ளை இழுவலை, சிவப்புக்குக் கீழே வெள்ளை மற்ற வலைகள். இது 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் உள்ளது. எந்த நாட்டுக் கடலிலும் பொருந்தும்.

வழிகாட்டும் மிதவைகளின் நிறம் அப்படி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. துறைமுகத்துக்குள் நுழையும்போது உலகின் பெரும்பகுதியில் சிவப்பு இடப்பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் வலப்பக்கம்.

கயிறு புரொப்பல்லரில் சிக்கினால் ஒரு தட்டுச் சத்தம் கேட்கும், இன்ஜின் சுற்று சட்டென்று விழும், படகின் பின்பக்கம் பிடித்து இழுத்ததுபோல் நிற்கும். உடனே நியூட்ரல்; இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். இப்போது படகு அமரத்தில் (பின்முனையில்) கட்டப்பட்டுக் கிடக்கிறது. தாழ்வான பின்பக்கத்து வழியாக அலை உள்ளே ஏறுவதுதான் பெரிய ஆபத்து. பயணிகளை முன்னே நகர்த்துங்கள். கடல் அமைதியாக இருந்தால் அவுட்போர்டு இன்ஜினைத் தூக்கி, கயிறு சுற்றிய திசைக்கு எதிராகப் புரொப்பல்லரைக் கையால் திருப்பி அவிழ்க்கலாம். அலை ஏறுகிறது என்றால் யோசிக்காமல் இறுகிய கயிற்றை வெட்டுங்கள். பல் வைத்த கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் அறுபட்ட முனைகளைச் சேர்த்து முடிந்துவிடுங்கள். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, கரைக்கு வந்ததும் துறையில் சொல்லுங்கள். அந்தக் கூண்டு ஒருவரின் முதலீடு. அலை புரளும்போது ஆளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஏறி இறங்கும் படகின் அடிப்பகுதி தலையில் மோதும்.

சரக்குக் கப்பல் போகும் வாய்க்காலைக் குறுக்கே, செங்கோணத்தில், சீக்கிரமாகக் கடக்க வேண்டும். கப்பல் அணியத்துக்கு முன்னால் இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இவற்றில் குறைந்தது வரை கடல்பரப்பு மறைந்திருக்க சர்வதேச விதியே இடம் தருகிறது. அந்தப் பரப்பில் நிற்கும் சிறு படகு கப்பலின் கண்ணுக்கு இல்லை. 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் 3 கடல்மைலை 12 நிமிடத்தில் கடந்துவிடும்.

துறைமுகத்துக்குள் 4, 5 நாட் வேகத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் படகு கிளப்பும் அலையில், சிறு படகில் நின்றபடி வலை பிரித்துக்கொண்டிருப்பவர் நிலைதடுமாறுவார். மீன் இறக்கும் துறையில் கட்டாதீர்கள். கடற்படை எல்லை, எண்ணெய் முனையம், பறவைகள் கூடு கட்டும் பாறை இவற்றுக்குத் தடையும் அனுமதியும் நாட்டுக்கு நாடு வேறு. புறப்படும் முன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றுவதென்றால் படகுக்கும் ஓட்டுநருக்கும் தனி உரிமமும் காப்பீடும் தேவைப்படும்.

மணியும் எரிபொருளும்

அமைதியான கடலில் 14 நாட் போகும் படகுக்கு 10 நாட் என்று கணக்குப் போடுங்கள். போகவர 24 கடல்மைல் என்றால் ஓட்டம் 2.4 மணி. நின்று பார்ப்பதற்கு ஒன்றரை மணி. ஓட்டத்தில் மணிக்கு 22 லிட்டரும், மெதுவாக நகரும்போது 6 லிட்டரும் எரிக்கும் இன்ஜின் என்று வைத்தால் 53 + 9, ஆக 62 லிட்டர். போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்ற விதிப்படி இதை ஒன்றரையால் பெருக்கினால் 93. தாங்கியின் அடியில் தங்குவது கசடும் நீரும் கலந்தது. படகு குலுங்கும்போது அதுதான் கிளம்பி வடிகட்டியை அடைக்கும். பாறையோரம் இன்ஜின் நிற்பதற்கு அது ஒரு வழக்கமான காரணம். எனவே அடியில் பத்தில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்காமல், 105 லிட்டர் ஏற்றுங்கள். உங்கள் இன்ஜினின் உண்மையான அளவை முன்பே ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளில் உள்ள எண் சுமை ஏற்றாத படகுக்கு உரியது.

மெதுவான படகுக்கு நீரோட்டம் பெரிய வித்தியாசம் செய்யும். 6 நாட் படகு, 2 நாட் நீரோட்டம், ஒரு வழி 12 கடல்மைல்: உடன்போக ஒன்றரை மணி, எதிர்த்துவர 3 மணி. காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துப் போகும் பாதியைக் காலையில் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் கடற்காற்று வலுத்து பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் பயணம் வீடு நோக்கி இருக்கட்டும்.

ஆட்கள், கருவிகள்

திறந்த படகில் பழகாதவர்களுக்கு மூன்றரை மணி நேரம் போதும். முதியவர்கள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள் அணியத்தில் உட்காரக்கூடாது. வேகப்படகு அலையிலிருந்து விழும்போது முன்பக்கத்தில்தான் அடி அதிகம். முதுகெலும்பு நசுங்கிய விபத்துகள் அங்கே உட்கார்ந்தவர்களுக்கே நடக்கின்றன. டால்பின் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடிவருவார்கள். "உட்கார்ந்தே பாருங்கள், படகைத் திருப்பி உங்கள் பக்கம் காட்டுகிறோம்" என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டால் அது நடக்காது. கடல் குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டு அதிகப் பயனில்லை.

லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. குழந்தைகளுக்குக் கால்வழியாகப் போகும் பட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் நீரில் விழுந்ததும் ஜாக்கெட் தலைவழியே கழன்றுவிடும். வி.எச்.எஃப். வானொலி (படகுகள் பேசிக்கொள்ளும் கருவி) அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் திறந்தே இருக்கட்டும். உயரமான பாறை வானொலியையும் கைப்பேசியையும் மறைக்கும் என்பதால், எந்தெந்தக் குடாவில் தொடர்பு அறுகிறது என்று முன்னோட்டத்தில் குறியுங்கள். செயற்கைக்கோள் வழியாக ஆபத்தைத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியையும் வெளிச்ச ராக்கெட்டையும் ஓட்டுநர் உடம்போடு வைத்திருக்க வேண்டும். கவிழ்ந்த படகின் பெட்டிக்குள் இருக்கும் கருவி யாருக்கும் பயன்படாது.

புறப்படும் நாள்

போவதா வேண்டாமா என்ற எண்களை முந்தைய இரவே எழுதிவையுங்கள். புதியவர்களோடு போகும் 7 முதல் 9 மீட்டர் திறந்த படகுக்கு, காற்று 15 நாட் அல்லது அலை 1 மீட்டர் தாண்டினால் ரத்து என்பது நியாயமான எல்லை. காலையில், பணம் கட்டியவர்கள் துறையில் நிற்கும்போது அந்த எண்ணை மாற்றக்கூடாது. ரத்தாகும் நாளுக்கான மாற்றாக, அலைத் தடுப்புச் சுவருக்கு உள்ளேயே ஒரு மணி நேரத் துறைமுகச் சுற்று ஒன்றைத் தயாராக வைத்திருந்தால், ரத்து செய்யும் மனம் எளிதாக வரும்.

கரையில் ஒருவரிடம் ஆட்களின் பெயர், பாதை, திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லாவிட்டால் கடலோரக் காவலுக்குச் சொல்ல வேண்டும் என்ற நான்கையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியதும் தலை எண்ணுங்கள். கரை சேர்ந்ததும் அவருக்குத் தகவல் சொல்லுங்கள். மறந்தால் வீணாக ஒரு தேடுதல் தொடங்கும். பிறகு எரிந்த லிட்டர், ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நிமிடம், எந்த அலையில் எந்தப் பார் உடைந்தது, புதிதாகக் கண்ட மிதவைகள் இவற்றை அன்றே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். அடுத்த பயணத்தின் கணக்கை இந்தக் குறிப்புகளிலிருந்தே போட வேண்டும்.